நகத்தளவுப் பூக்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாலிமர் களிமண்ணில் நகத்தளவு ரோஜா செய்யும் முறையைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். பல் குச்சியின் முனையில் ஒரு மொட்டைச் சுற்றி, அதன்மேல் மூன்று இதழ்கள், பிறகு ஐந்து இதழ்கள் என்று அடுக்கும் எளிய முறை அது. செய்து பார்த்தவர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றைத் தேர்ந்து இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். கடிதங்களில் பாதிக்கு மேல் "உடைந்துவிட்டது", "கருகிவிட்டது" என்ற இரண்டு சொற்களில் அடங்கிவிடுகின்றன. ஆகையால் சூட்டைப் பற்றிய பதில் மட்டும் சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

களிமண் என்கிறீர்கள். ஆனால் செய்த பூவை இரண்டு நாள் மொட்டைமாடியில் வைத்தும் காயவில்லை. எனக்குக் கிடைத்தது பழைய சரக்கா? காற்றிலேயே காயும் களிமண்ணில் இதைச் செய்யக் கூடாதா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

உங்களுக்குக் கிடைத்தது பழைய சரக்கு அல்ல. பெயரில் களிமண் இருக்கிறதே தவிர, குயவர் பிசையும் மண்ணுக்கும் இதற்கும் உறவில்லை. தண்ணீர்க் குழாய் செய்யப்படும் பி.வி.சி., அதாவது பாலிவினைல் குளோரைடு, மிக நுண்ணிய தூளாகப் பிளாஸ்டிசைசர் என்னும் எண்ணெய் போன்ற நீர்மத்தில் கலந்து, நிறமிகளோடு சேர்த்துப் பிசையப்பட்டதே பாலிமர் களிமண். வற்றிப்போவதற்கு இதில் தண்ணீர் இல்லை. ஆகவே இரண்டு நாள் என்ன, இரண்டு மாதம் வெளியே கிடந்தாலும் அது காயாது. அடுப்பின் சூடு ஏறும்போது பி.வி.சி. துகள்கள் அந்த நீர்மத்தை உறிஞ்சி, உப்பி, ஒன்றோடொன்று இணைந்து கெட்டிப்படுகின்றன. மொட்டைமாடி வெயிலில் அந்தச் சூடு கிடைக்காது.

காற்றில் காய்பவை வேறு இனம். சோள மாவையும் வெள்ளைப் பசையையும் அடுப்பில் கிளறி வீட்டிலேயே செய்துகொள்ளும் கோல்டு போர்சலின், கடைகளில் தாய் கிளே, ஏர் டிரை கிளே என்ற பெயர்களில் விற்பவை ஆகியவற்றில் ஈரம் இருக்கிறது. அது வெளியேறும்போது பூ சுருங்கும். உள்ளங்கை அகல ரோஜாவுக்கும் பூச்சாடிக் கொத்துக்கும் நான் அவற்றையே பரிந்துரைப்பேன். மெல்லிய பெரிய இதழ்களுக்கு அவை அழகாக வளையும், ஓவனும் வேண்டாம். ஆனால் 2 மில்லிமீட்டர் இதழில் வேலை செய்யும்போது, கையில் இருக்கும்போதே விளிம்பு உலர்ந்து வெடித்துவிடும். பாலிமர் களிமண் நீங்கள் சுடும்வரை காத்திருக்கும். சுட்ட பிறகும் ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கும். சிறிய பூவுக்கு அதை நாடுவதற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

பூவுக்கென்று பிறந்த பொருளும் அல்ல அது. ஜெர்மனியில் துணிப் பொம்மைகளுக்குப் புகழ்பெற்ற கேத்தே குரூசவின் மகள் சோஃபியை வீட்டில் ஃபிஃபி என்று அழைப்பார்கள். பொம்மைத் தலை செய்ய உதவுமா என்று பார்க்க வந்த பொருளைத் தம் கைவேலைக்கு எடுத்துக்கொண்டவர் அவர். அவர் விற்றுவந்த களிமண் 1964இல் எபர்ஹார்டு ஃபாபர் நிறுவனத்தின் கைக்குப் போய் ஃபிமோ ஆயிற்று. இன்று நீங்கள் கடையில் கேட்டு வாங்கும் அந்தப் பெயரில் ஃபிஃபியின் முதலெழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஓடிஜி என்னும் சிறிய மேசை ஓவனில் 130 டிகிரி வைத்துப் பத்து நிமிடம் சுட்டேன். வெளி இதழ்களின் விளிம்பு பழுப்பாகிவிட்டது. எடுக்கும்போது உள் இதழ் ஒன்று பிஸ்கட்டைப் போல் ஒடிந்துவிட்டது. ஒரே பூ கருகவும் வேகாமலும் இருக்க முடியுமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

முடியும். அடிபிடித்த உப்புமாவின் நடுவில் பச்சை ரவை கிடப்பதில்லையா? அதே கதைதான்.

ஓடிஜியின் உட்புறம் சிறியது. கம்பிகள் மேலும் கீழும் மிக அருகில் இருக்கின்றன. வெப்பநிலை குறையும்போதெல்லாம் அவை சிவக்கச் சிவக்க எரிந்து, பிறகு அணைகின்றன. சிவந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் கம்பியின் கதிர்ச்சூடு நேராகப் பூவின்மேல் விழுகிறது. தாள் கனத்தில் இருக்கும் விளிம்புதான் முதலில் அதை வாங்கிக்கொள்கிறது. இதழ்கள் கூடுகிற அடிப்பகுதியோ கனமானது. அதற்குள் சூடு இறங்கப் பத்து நிமிடம் போதாது. ஃபிமோவுக்கு 110 டிகிரி செல்சியஸில் 30 நிமிடமும், ஸ்கல்ப்பி பிரீமோ என்னும் இன்னொரு வகைக்கு 130 டிகிரியில் 6 மில்லிமீட்டர் கனத்துக்கு 30 நிமிடமும் சுடச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் உறையில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதுவே உங்களுக்குக் கணக்கு; ஒரு வகையின் எண்ணை இன்னொன்றுக்குப் பொருத்தக் கூடாது. பூ சிறியதுதானே என்று நேரத்தைக் குறைப்பதும், கருகிவிடுமோ என்ற பயத்தில் பாதியில் எடுப்பதும்தான் பெரும்பாலான இதழ்கள் ஒடியக் காரணம். சரியான சூட்டில் அரை மணி நேரத்துக்குப் பதிலாக முக்கால் மணி நேரம் இருந்தாலும் பூவுக்குக் கேடில்லை. சூடு கூடினால்தான் கேடு.

அந்தச் சூட்டைக் குமிழின் எண்ணை நம்பிக் கணிக்காதீர்கள். என் பழைய ஓவனின் குமிழ் 120 என்று காட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே வைத்த வெப்பமானி 150ஐத் தொட்டிருந்தது. அந்த வெப்பமானியை வாங்குவதற்கு முன்னால், ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து செய்த பதினான்கு வெள்ளைத் தாமரைகளைத் தேநீர் நிறத்தில் வெளியே எடுத்திருக்கிறேன். ஓவனுக்குள் வைக்கும் சிறிய வெப்பமானிதான் இந்தத் தொழிலில் நான் முதலில் வாங்கச் சொல்லும் பொருள். கருவிகளும் அச்சுகளும் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

மற்றபடி செய்ய வேண்டியவை இவை. வெறும் ஓவனை இருபது நிமிடம் சூடாக்கி, வெப்பமானியின் முள் ஓரிடத்தில் நின்ற பிறகே பூவை வையுங்கள். குளியலறைச் சுவருக்கு ஒட்டும் பீங்கான் ஓடு ஒன்றை நடுத்தட்டில் வைத்து, அதன்மேல் மடித்த வெள்ளைத் தாளை விரித்துப் பூக்களை வைத்தால், ஓடு சூட்டைப் பிடித்துவைத்து ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும்; தாளும் அந்தச் சூட்டில் எரியாது. பூக்களுக்கு மேல் அலுமினியத் தாளைக் கூடாரம் போல், இதழ்களைத் தொடாதபடி கவிழ்த்துவிடுங்கள். பாதி வெந்து ஒடிந்த உங்கள் ரோஜாவையும் தூக்கிப் போட வேண்டாம். ஒடிந்த இடத்தில் ஒரு துளி திரவக் களிமண் (கூழாகவே விற்கும் பாலிமர் களிமண்) தொட்டு ஒட்டி, முழு நேரமும் மறுபடி சுடுங்கள். இது எத்தனை முறை சுட்டாலும் ஏற்றுக்கொள்ளும் பொருள். வெந்துவிட்டதா என்று அறிய, ஒவ்வொரு முறையும் பூக்களோடு 2 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பட்டையைச் சேர்த்துச் சுட்டு, ஆறிய பிறகு அதை வளைத்துப் பாருங்கள். வளைந்து நிமிர்ந்தால் வெந்திருக்கிறது. படக்கென்று முறிந்தால் வேகவில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பழுப்பையும் தாண்டிக் கருகத் தொடங்கினால் பி.வி.சி.யிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். கண்ணையும் மூக்கையும் அரிக்கும். நெடி அடித்தால் கதவைத் திறந்து எட்டிப் பார்க்காமல், ஓவனை அணைத்து, சன்னல்களைத் திறந்துவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள்.

என்னிடம் ஓவன் இல்லை. குக்கரில் மணல் பரப்பிக் கேக் செய்வதைப் போல் இதையும் சுடலாமா? கொதிக்கும் நீரில் போடலாம் என்றும் சொல்கிறார்கள்.
— ஒரு வாசகி, விருதுநகர்

இரண்டையும் நான் பரிந்துரைப்பதில்லை. தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. 130 டிகிரி கேட்கும் களிமண் அதில் எவ்வளவு நேரம் கிடந்தாலும் அரைவேக்காடுதான். மணலில் நேர்மாறான சிக்கல்: அடுப்புத் தீ நேராக ஏறுவதால் சூடு விரைவில் 200ஐத் தாண்டிவிடும், மூடிய பாத்திரத்துக்குள் அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. மேலும், அந்தக் குக்கரில் பிறகு சோறு வைக்கவும் கூடாது. மைக்ரோவேவை மைக்ரோவேவாக இயக்கிச் சுடவே கூடாது. கன்வெக்‌ஷன் வசதி, அதாவது சூடான காற்றைச் சுழலவிடும் முறை, உள்ளதென்றால் அந்த முறையில் மட்டும் சுடலாம். ஓவன் வாங்கும்வரை உங்களுக்கு ஏற்றது மேலே சொன்ன காற்றில் காயும் களிமண்தான்.

என் ரோஜா இதழ்கள் ரோஜா இதழாகவே தெரியவில்லை. முட்டைக்கோஸ் போல் இருக்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் தடிப்பு போகவில்லை.
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

இதழ் முழுவதையும் ஒரே கனத்தில் மெலிதாக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முற்றத்து ரோஜாவிலிருந்து ஓர் இதழைக் கிள்ளி எடுத்துப் பாருங்கள். அடியில், காம்போடு சேருமிடத்தில், அது தடிப்பாகவும் வெளிறியும் இருக்கிறது. மேலே போகப் போக மெலிந்து, விளிம்பு வெளிப்புறமாகச் சுருள்கிறது. கண் கனத்தை அளப்பது விளிம்பில்தான். விளிம்பு மெல்லியதாக இருந்துவிட்டால், அடி எவ்வளவு தடித்திருந்தாலும் பார்ப்பவருக்கு முழு இதழும் மெல்லியதாகவே தோன்றும்.

கையால் செய்யும் முறை இது. கடுகைவிடச் சற்றுப் பெரிய உருண்டை ஒன்றை எடுத்து, ஒரு மடித்த பாலிதீன் உறைக்குள் வைத்து, உறைக்கு மேலிருந்து கட்டைவிரலால் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்து மெலிதாக்குங்கள்; மறுபக்கத்தைத் தொடாதீர்கள். உறையைத் திறந்தால் பிறைநிலா போல் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் கிழிந்துவிடுமோ என்ற அளவுக்கு மெலிந்த ஒரு வட்டு கிடைக்கும். தடித்த பக்கம் கீழே, மெல்லிய பக்கம் மேலே. அதை மொட்டின்மேல் ஒட்டி, அடியை மட்டும் கிள்ளிச் சேர்த்து, மேல் விளிம்பை ஊசியின் உடல்பக்கத்தால் வெளியே மெல்ல உருட்டிவிடுங்கள். ஒவ்வோர் இதழும் முந்தைய இதழின் பாதியை மூட வேண்டும். அடியில் சேரும் மிகுதிக் களிமண்ணைக் கடைசியில் பிளேடால் வெட்டி எறியலாம். அந்த மிகுதியைப் பூவிலேயே விட்டுவிடுவதால்தான் பல ரோஜாக்களுக்குத் தொப்பை விழுந்துவிடுகிறது.

முட்டைக்கோஸ் தோற்றத்துக்கு இன்னொரு காரணம் எண்ணிக்கை. உண்மையான ரோஜாவில் முப்பது இதழ் இருக்கிறதே என்று 6 மில்லிமீட்டர் பூவிலும் முப்பதை அடுக்கினால் அது கோஸ்தான். மொட்டுக்கு ஒன்று, பிறகு மூன்று, பிறகு ஐந்து: ஒன்பது இதழ் போதும். அதற்குக் கீழே ஐந்து பச்சைப் புல்லி இதழ்களை ஊசி முனையில் எடுத்து ஒட்டுங்கள். ரோஜா என்பதைக் கண்ணுக்கு உறுதிப்படுத்துவது பெரும்பாலும் அவைதான்.

கடைசியாக நிறம். உறையிலிருந்து எடுத்த வெள்ளையோ இளஞ்சிவப்போ வெளிச்சத்தைச் சிறிதும் விடாது. இதழுக்கோ வெளிச்சம் ஊடுருவும். டிரான்ஸ்லூசென்ட் என்று தனியே விற்கும் நிறமற்ற களிமண்ணை, வேண்டிய நிறத்தோடு சம அளவிலோ சற்று அதிகமாகவோ கலந்தால் அந்த ஈரத்தோற்றம் வரும். அது மற்ற நிறங்களைவிடச் சீக்கிரம் பழுப்பேறும் என்பதால் அலுமினியக் கூடாரத்தை மறக்க வேண்டாம். இலைப் பச்சையும் அப்படியே போட்டால் பிளாஸ்டிக் வாளி நிறமாகத் தெரியும். அதில் சிறிது மஞ்சளும், குண்டூசித் தலையளவு சிவப்பும் சேர்த்துப் பிசையுங்கள்.

கொலுவில் ஒரு சாண் உயர அம்மன் பொம்மைக்குக் கட்டின மல்லிகைச் சரம் போலவே செய்து போட ஆசை. மொட்டு எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும்? இவ்வளவு சிறியதை எப்படிக் கட்டுவது?
— ஒரு வாசகி, மயிலாப்பூர்

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத உட்கார்ந்தேன் என்றும் சொல்லலாம். முதலில் கணக்கு. நின்ற நிலையில் 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணின் வடிவம் 20 சென்டிமீட்டர் பொம்மையாகிறது என்றால், எல்லாமே எட்டில் ஒரு பங்காகிறது. ஒன்றரை சென்டிமீட்டர் குண்டுமல்லி மொட்டு அங்கே ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், அதாவது ஒரு கடுகு. கடையில் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் பூ மணிகளைக் கோத்து அந்த பொம்மைக்குப் போட்டால், அம்மன் கழுத்தில் எலுமிச்சம்பழ மாலை போட்டது போலத் தெரிவது அதனால்தான்.

மேல்நாட்டுப் பொம்மைவீட்டுக் கலைஞர்கள் இந்தக் கணக்கில் மிகவும் கறாரானவர்கள். ஓர் அடியை ஓர் அங்குலமாகக் குறைக்கும் 1:12 என்ற அளவே அங்கே வழக்கம். வின்சர் கோட்டையில் இருக்கும் ராணி மேரியின் பொம்மைவீடு 1924இல் அதே அளவில் முடிக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் புதுடெல்லியைக் கட்டிய எட்வின் லட்யன்ஸ். அதற்கென்று ஒரு தோட்டத்தைத் தோட்டக் கலைஞர் கெர்ட்ரூடு ஜீக்கில் வடிவமைத்துக் கொடுத்தார். வீட்டின் அடியில் இருக்கும் இழுப்பறையை இழுத்தால் தோட்டம் வெளியே வரும். நம் கொலுவிலோ முழங்கை உயர ராமனும் விரல் உயரச் செட்டியாரும் அடுத்தடுத்த படிகளில் இருப்பார்கள். யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் ஒரு பொம்மைக்கும் அதன் மாலைக்கும் இடையில் மட்டும் கணக்கு பிசகினால் உடனே கண்ணை உறுத்துகிறது.

இனிச் செய்முறை. 2 மில்லிமீட்டரில் மல்லிகையின் அடுக்கு இதழ்களைக் காட்ட முயல வேண்டாம். வெள்ளையில் பாதியும் டிரான்ஸ்லூசென்ட்டில் பாதியும் கலந்து, மிகச் சிறிது மஞ்சள் சேர்த்து, தையல் நூல் கனத்துக்குச் சற்று மேலே திரித்து, சம அளவில் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டின் ஒரு முனையை உருட்டிக் கூராக்கி, மறுமுனையில் இளம்பச்சை சாக் பேஸ்டல் (வண்ணச் சுண்ணக்குச்சி) தூளைத் தூரிகையால் ஒரு தொடு தொட்டால் காம்பு ஆயிற்று. ஊசியால் ஒரே ஒரு சாய்கோடு கிழித்தால், இதழ்கள் முறுக்கிக்கொண்டிருக்கும் மொட்டின் சாயல் வந்துவிடும். அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

பூக்காரம்மா கட்டும்போது கவனித்திருப்பீர்கள்: இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்புகள் நடுவில் நாரில் சேரும். அந்த வரிசையை மட்டும் விட்டுவிடாதீர்கள். கட்டின சரத்தைக் கோத்த சரத்திலிருந்து பிரித்துக் காட்டுவது அதுதான். ஆனால் கட்டுவதற்குப் பதிலாக ஒட்டப்போகிறோம். பீங்கான் ஓட்டின்மேல் பருத்தி நூல் ஒன்றை, மாலை விழ வேண்டிய வளைவிலேயே வைத்து, இரண்டு முனைகளையும் டேப்பால் ஒட்டி, நூல் நெடுகத் திரவக் களிமண்ணைப் பல் குச்சியால் மெல்லிய கோடாகப் பூசுங்கள். அதன்மேல் மொட்டுகளை இரண்டிரண்டாக, காம்பு நூலைத் தொடும்படி, மாறி மாறி அடுக்கி, அதன்மேல் இன்னொரு வரிசையை இடைவெளிகளில் வையுங்கள். நடுநடுவே கனகாம்பர நிறத்தில் ஒரு துளியும் மரிக்கொழுந்துக்கு ஒரு பச்சைத் துணுக்கும் வைக்கலாம். டேப்பை எடுத்துவிட்டு ஓட்டோடு சேர்த்துச் சுடுங்கள். வளைவு நிலைத்துவிடும் என்பதால், பொம்மையின் கழுத்தளவை ஒரு கம்பியால் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். பொம்மைக்கு மேலேயே ஒட்டிச் சுட நினைக்க வேண்டாம். பண்ருட்டியிலும் விளாச்சேரியிலும் செய்யும் காகிதக்கூழ், களிமண் பொம்மைகளின் வண்ணப்பூச்சு ஓவன் சூட்டுக்கு ஆனதல்ல.

ஒரு சரத்துக்கு நூற்றைம்பது மொட்டாவது பிடிக்கும். நவராத்திரிக்கு முந்தைய வாரத்தில் தொடங்காதீர்கள்.

வெள்ளைப் பூ எப்போதும் அழுக்காகவே வருகிறது. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் தொடுகிறேன்.
— ஒரு வாசகர், ஈரோடு

கழுவிய கையை எதில் துடைக்கிறீர்கள்? துண்டின் பஞ்சிழைகள்தான் உங்கள் அழுக்கு. சுடாத களிமண் காந்தம் போல் இழைகளைப் பிடித்துக்கொள்ளும். மின்விசிறியை நிறுத்துங்கள், வெளிர்நிற உடையைப் போட்டுக்கொள்ளுங்கள், உதவாத களிமண் உருண்டை ஒன்றைக் கைகளுக்கிடையே உருட்டினால் மிச்சம் இருக்கும் இழைகளை அது எடுத்துவிடும். பிறகு முதல் வேலையாக வெள்ளையைப் பிசையுங்கள். சிவப்பும் கறுப்பும் கடைசியில்தான். இதையும் மீறி ஒட்டிய தூசியைச் சுட்ட பிறகு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தால் ஓரளவு போகும்.

வேலூர் வெயிலில் களிமண் கையிலேயே குழைந்துபோகிறது. மே மாதம் முழுவதும் வேலையை நிறுத்த வேண்டியதுதானா?
— ஒரு வாசகி, வேலூர்

வேண்டாம். அன்று தேவைப்படும் அளவைத் தட்டையாக்கி, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் சில மணி நேரம் வையுங்கள்; தாளில் எண்ணெய்க்கறை படிவது தெரியும். மிகுதிப் பிளாஸ்டிசைசர் தாளுக்குப் போய்விடுவதால் களிமண் சற்று விறைப்பாகும். தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். அளவு மீறினால் பொடிந்துவிடும். இதழ் செய்யும்போது விரல் நுனியில் சோளமாவைத் தொட்டுக்கொண்டால் ஒட்டாது. பாதி செய்த பூ தொய்ந்தால், மூடிய டப்பாவில் வைத்து ஃபிரிட்ஜில் பத்து நிமிடம் வைத்து எடுங்கள்.

பத்திரமாக இருக்கட்டுமென்று கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் களிமண் டப்பாவோடு ஒட்டி, டப்பாவே இளகியிருக்கிறது.
— ஒரு வாசகி, புதுச்சேரி

டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்திருக்கும், அது பாலிஸ்டைரீன். களிமண்ணின் பிளாஸ்டிசைசர் அதற்குள் ஊடுருவி அதை இளக்கிவிடுகிறது. 5 என்று போட்ட பாலிபுரோப்பிலீன் டப்பாவில் வைக்கலாம். அல்லது ஒவ்வொரு நிறத்தையும் சாதாரணப் பாலிதீன் உறையில் சுற்றி வையுங்கள். இதே காரணத்துக்காகத்தான் பாலிஷ் போட்ட மேசையின்மேல் சுடாத களிமண்ணை வைக்கக் கூடாது. தடம் விழுந்துவிடும், வீட்டில் பேச்சும் விழும்.

பளபளப்புக்காகச் சுட்ட பூக்களுக்கு நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசினேன். மூன்று வாரமாகியும் பிசுபிசுப்பு போகவில்லை.
— ஒரு மாணவி, நாகர்கோவில்

போகாது. நெயில் பாலிஷின் கரைப்பானும் களிமண்ணின் பிளாஸ்டிசைசரும் கலந்துகொண்டால் அந்தப் பூச்சு இறுகுவதே இல்லை. ஸ்பிரே வார்னிஷ்களில் பலவும் இதே வேலையைச் செய்யும். அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு மெல்லத் துடைத்துப் பாருங்கள்; மெல்லிய விளிம்புகள் கரைந்துவிடக்கூடும், ஆகவே தேய்க்காதீர்கள். இனிமேல் பூசுவதென்றால் நீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் மட்டும். ஆனால் பூவுக்குப் பளபளப்பு எதற்கு? செடியில் பெரும்பாலான இதழ்கள் மெருகுபோட்டது போல் மின்னுவதில்லை. ஆசையாக இருந்தால், ஓர் இதழில் மட்டும் திரவக் களிமண்ணைப் பனித்துளியாக ஒரு பொட்டு வைத்துச் சுடுங்கள்.

கம்பியில் செருகிச் சுட்ட பூக்கள் எல்லாம் கழன்று விழுகின்றன. கம்பி மாற்ற வேண்டுமா?
— ஒரு வாசகி, சேலம்

கம்பி எதுவானாலும் வெறும் உலோகத்தோடு இந்தக் களிமண் ஒட்டாது. மெல்லிய 28 கேஜ் கம்பியின் நுனியைக் கொறடால் சிறு கொக்கியாக மடித்து, வெள்ளைப் பசையில் தோய்த்து, முழுவதும் காய்ந்த பிறகு பூவின் அடியில் செருகி, சுற்றியுள்ள களிமண்ணை மேலிருந்து கீழாகத் தடவி மூடிச் சுடுங்கள்.

எட்டு வயதுப் பெண்ணும் என்னோடு சேர்ந்து செய்கிறாள். உடலுக்குக் கெடுதி உண்டா? சமையல் ஓவனையே பயன்படுத்துகிறோம்.
— ஒரு தாய், திருநெல்வேலி

பிசைவதும் உருட்டுவதும் அவள் செய்யட்டும். சாப்பிடும் முன் இருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொள்ளுங்கள், ஓவனைத் திறந்து மூடுவது உங்கள் வேலையாகவே இருக்கட்டும். முற்காலக் களிமண்களில் தாலேட் வகைப் பிளாஸ்டிசைசர்கள் இருந்தன. குழந்தைகளுக்கான பொருள்களில் அவற்றுள் சிலவற்றுக்கு அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டுச் சட்டமும் ஐரோப்பாவில் அதற்கு முன்பே வந்த விதிகளும் வரம்பு கட்டிய பிறகு, பெயர்பெற்ற நிறுவனங்கள் கலவையை மாற்றிக்கொண்டன. பெயரே இல்லாத மலிவு உறைகளில் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. குழந்தைக்கு அவற்றை வாங்காதீர்கள். ஓவனைப் பொறுத்தவரை, களிமண்ணுக்கென்று தனியாக ஒன்று இருப்பதே நல்லது. அதுவரை, மூடியுள்ள ஒரு தட்டை இதற்கென்றே ஒதுக்கி, மூடியபடி சுட்டு, ஆறிய பிறகு ஓவனின் உட்புறத்தைத் துடைத்துவிடுங்கள். கேக்குக்குச் சர்க்கரைப்பூ செய்யும் அச்சுகள் இதற்கும் மிக நன்றாக உதவும். ஒருமுறை இங்கே வந்த அச்சு சமையலறைக்குத் திரும்பக் கூடாது. செய்த பூக்களைத் தேநீர்க் கோப்பையின் விளிம்பில் ஒட்டுவதும் வேண்டாம்.

ஒவ்வொரு பூவாகச் செய்யப் பொறுமை இல்லை. நீளமான உருளையை நறுக்கினால் ஒவ்வொரு வில்லையிலும் பூ வருகிறதே, அது எப்படி?
— ஒரு வாசகர், மதுரை

கேன் என்று அதற்குப் பெயர். வெனிஸின் முரானோத் தீவுக் கண்ணாடிக் கலைஞர்கள் மில்லெஃபியோரி, அதாவது ஆயிரம் பூக்கள், என்று அழைக்கும் உத்தியைக் களிமண்ணுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு மஞ்சள் குச்சியைச் சுற்றி ஐந்து வெள்ளைக் குச்சிகளை அடுக்கி, இடைவெளிகளைப் பச்சையால் நிரப்பி, எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தி நீட்ட வேண்டும். 4 சென்டிமீட்டர் விட்டமும் 5 சென்டிமீட்டர் நீளமும் உள்ள உருளையை 4 மில்லிமீட்டர் விட்டத்துக்கு நீட்டினால் அது 5 மீட்டர் நீளமாகும். ஒரு மில்லிமீட்டர் வில்லையாக நறுக்கினால் கணக்குக்கு ஐயாயிரம் பூ. முனைகளில் வடிவம் கோணிவிடுவதால் கொஞ்சம் கழிவு போகும். நறுக்கும் முன் ஃபிரிட்ஜில் வைக்காவிட்டால் பூ நசுங்கி முட்டையாகிவிடும். தோடு, பொத்தான், சட்டத்தின் ஓரம் ஆகியவற்றுக்கு இது ஏற்றது. ஆனால் தட்டையான பூதான் கிடைக்கும். அதைக் குழித்து இதழ் நிமிர்த்தினாலும் கையால் அடுக்கிய பூவின் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

ரோஜா வந்துவிட்டது. அடுத்து செம்பருத்தி செய்ய நினைக்கிறேன். ஐந்து இதழையும் வட்டமாக ஒட்டினால் செம்பருத்தி போல் இல்லாமல் ஏதோ ஒரு பூ போல் இருக்கிறது.
— ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

செம்பருத்தியின் இதழ்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதில்லை. ஒவ்வொன்றின் ஒரு விளிம்பு முந்தைய இதழுக்கு மேலும், மறு விளிம்பு அடுத்ததற்குக் கீழும் இருக்கும். விசிறி இறக்கைகள் போல எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருக்கும். ஆகவே ஐந்தாவது இதழை ஒட்டும்போது முதல் இதழின் விளிம்பை ஊசியால் தூக்கி, அதற்குக் கீழே செருகுங்கள். இந்த ஒரு செயலில்தான் உங்கள் பூ பெயர் பெறும். இதழின் அகலத்தில் ஊசியால் நரம்புகளை விசிறியாகக் கீறி, விளிம்பை மட்டும் அலையாக நெளித்துவிடுங்கள். நடுத்தண்டு இதழ்களைத் தாண்டி வெளியே நீள வேண்டும். உள்ளே ஒரு மெல்லிய கம்பி இருந்தால் ஒடியாது. தண்டின் மேல்பாதியில் மகரந்தத்துக்காகச் சிலர் மஞ்சள் தோய்த்த ரவையை ஒட்டுகிறார்கள். ஒட்டாதீர்கள், ஈரக்காற்றில் பூச்சி வந்துவிடும். சுட்டு இறுகிய மஞ்சள் களிமண் துண்டு ஒன்றை உப்புத்தாளில் தேய்த்தால் கிடைக்கும் தூளே போதும். தண்டில் திரவக் களிமண் தடவி அந்தத் தூளில் புரட்டி எடுங்கள். நுனியில் சூலகமுடி ஐந்தாகப் பிரிந்திருக்கும். சிவப்புக் களிமண்ணில் ஐந்து பொட்டுகளை ஊசி முனையால் எடுத்து அங்கே வைத்துவிட்டு, மற்ற பூக்களோடு சேர்க்காமல் முதலில் ஒன்றை மட்டும் சுட்டுப் பாருங்கள். சிவப்பு சுட்டபின் சற்று இருண்டுவிடும்.